ஃபேன் போடாத மனிதர்

ஆப்பிள் III என்ற கம்ப்யூட்டர் 1980 மே மாதம் அறிமுகமானது. தொடக்க விலையே 4,340 டாலர். வாங்கிய புண்ணியவான்களில் பலர் கொஞ்ச நாளில் ஒரே குறையோடு கடைக்கு ஓடி வந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே கிறுக்குத்தனம் செய்கிறது, திரையில் கண்டபடி எழுத்துகள் வருகின்றன, பிறகு மூச்சுப்பேச்சில்லை என்றார்கள். இதற்கு ஆப்பிள் சொன்ன கைவைத்தியம் வரலாற்றில் இடம்பிடித்துவிட்டது: பெட்டியை மேஜையிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தூக்கிப் பிடித்து, அப்படியே கீழே போடவும். டிவி பெட்டியின் மண்டையில் தட்டிப் படம் வரவழைத்த பரம்பரை நாம். நமக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் எதிர்காலத்தையே பெட்டியில் அடைத்து விற்பதாக மார்தட்டிய ஒரு நிறுவனம் 'தூக்கிப் போடு' என்று சொன்னது கொஞ்சம் ஓவர்தான்.

உள்ளே நடந்தது இதுதான். சூடேறினால் சர்க்யூட் பலகை விரியும், ஆறினால் சுருங்கும். இந்த மூச்சுப் பயிற்சியில் சில்லுகள் தங்கள் இருக்கையை விட்டு மெல்ல மெல்ல எழுந்துவிடும். பெட்டியைத் தூக்கிப் போட்டால் அதிர்ச்சியில் மறுபடி உட்காரும். சூடு ஏன் ஏறியது? பெட்டிக்குள் ஃபேன் இல்லை. காற்று போக ஓட்டையும் இல்லை. ஏன் இல்லை? ஸ்டீவ் ஜாப்ஸுக்கு ஃபேன் சத்தம் பிடிக்காது.

ஜாப்ஸின் கதையை எழுதுகிறவர்கள் வழக்கமாகக் கல்லூரியில் அவர் படித்த எழுத்துக்கலை வகுப்பில் ஆரம்பித்து, ஜென் பௌத்தம் வழியாகச் சுற்றி, கறுப்புப் பனியனில் முடிப்பார்கள். அந்த வழியில் போக எனக்குப் பொறுமை இல்லை. மனுஷனின் முப்பத்தைந்து வருட உத்தியோகத்தை ஃபேனோடு நடத்திய யுத்தம் என்றே சொல்லிவிடலாம். அதில் ஒரே ஒரு பௌதிகச் சிக்கல். முதலாளி முறைத்துப் பார்த்தால் சூடு போய்விடாது. பெட்டியின் முதுகில் ஓட்டை போட்டு வெளியேற்றாவிட்டால், வேறு எங்காவது போய் இறங்கும். ஆப்பிளில் அது ஊழியர்கள் தலையில் இறங்கியது. அதைச் சமாளிக்க அவர்கள் கண்டுபிடித்த தில்லுமுல்லுகளைத்தான் பின்னாளில் மேலாண்மைப் புத்தகங்கள் 'ஆப்பிளின் கலாசாரம்' என்று சால்வை போர்த்திக் கூட்டி வந்தன.

சூடு என்றால் என்னவென்று தெரியாத ஆள் அல்ல அவர். 1974-இல் பத்தொன்பது வயதில் ஞானம் தேடி இந்தியா வந்தவர். டெல்லியில் இறங்கியபோதே தார்ச்சாலை அனல் கக்கிக்கொண்டிருந்தது. நைனிடால் பக்கம் கைஞ்சியில் நீம் கரோலி பாபாவைத் தரிசிக்கத் திட்டம். பாபா முந்தின வருடம் செப்டம்பரிலேயே சமாதி அடைந்துவிட்டார் என்பது போன பிறகுதான் தெரிந்தது. வயிற்றுப்போக்கு, சொறி, மொட்டைத்தலை ஆகியவற்றுடன் ஏழு மாதம் சுற்றிவிட்டு ஊர் திரும்பினார். இத்தனை நாள் நம்மூர் வெயிலில் கிடந்தவர் ஃபேனின் அருமையை உணர்ந்திருக்க வேண்டாமோ? உணரவில்லை. சில பேருக்கு யாத்திரை பலிப்பதில்லை.

அதற்கு முன் அட்டாரி வீடியோ கேம் கம்பெனியில் வேலை பார்த்தார். பழமாகச் சாப்பிடுகிறவனுக்கு வியர்வை நாற்றம் வராது, ஆகவே குளியல் தேவையில்லை என்பது அப்போது அவர் கொள்கை. சக ஊழியர்களின் மூக்குகள் இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. கடைசியில் அவரை ராத்திரி ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். பிறகு ஆப்பிளுக்கு முதல் தலைவராக மைக் ஸ்காட் என்பவர் வந்தபோது, அவருடைய ஆரம்பப் பணிகளில் ஒன்று ஜாப்ஸை நடைப்பயிற்சிக்கு அழைத்துப் போய், தயவுசெய்து குளியப்பா என்று சொல்வது. ஆக, அந்த அறைகளில் ஃபேன் அவசியமாகத் தேவைப்பட்டது. கம்ப்யூட்டருக்கு மட்டும் அல்ல.

ஆப்பிள் II 1977-இல் வந்தது. மூளை ஸ்டீவ் வாஸ்னியாக்குடையது, முகம் ஜாப்ஸுடையது. அந்தக் காலத்துப் பெட்டிகளில் மின்சாரத்தை மாற்றித் தரும் பவர் சப்ளை அடுப்பாகக் கொதிக்கும். அதைக் குளிர்விக்க ஃபேன் கட்டாயம். தியானம் கலைகிறது, வேண்டாம் என்றார் நம் ஆள். ஃபேன் இல்லாமல் ஓடும் சப்ளையைச் செய்து தர ராட் ஹோல்ட் என்பவரைப் பிடித்தார். ஹோல்ட் விடாமல் சிகரெட் பிடிக்கும் மார்க்சியவாதி. தன் கூலி ஒரு நாளுக்கு 200 டாலர் என்றார். கையில் நயா பைசா இல்லாத ஜாப்ஸ், அதனால் என்ன என்றார். ஹோல்டும் செய்து கொடுத்தார்: மின்சாரத்தை விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்பும் 'சுவிட்சிங்' ரகம், சின்னது, அதிகம் சூடாகாது. உலகமே எங்கள் சப்ளையைக் காப்பியடித்தது என்று ஜாப்ஸ் பிற்பாடு சொல்லிக்கொண்டார். அந்த ரகம் அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் நன்றாக வேலை செய்தது, அதை மறுக்க முடியாது.

வேலை செய்ததுதான் வினையாகப் போயிற்று. முதல் யுத்தத்தில் சுலபமாக ஜெயித்த ராஜாவுக்கு எல்லா யுத்தமும் சுலபம் என்று தோன்றிவிடும்.

மற்ற விஷயங்களில் மனுஷன் எப்படி என்று கேட்டால், அதே மாதிரிதான். ஆப்பிள் II-இன் பெட்டிக்குப் பழுப்பு வெள்ளை நிறம் தேட வேண்டியிருந்தது. பான்டோன் கம்பெனியிடம் அந்த ஒரு நிறத்திலேயே சுமார் 2,000 சாயல்கள் இருந்தன, ஒன்றும் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை என்று ஸ்காட் பின்னாளில் புலம்பியிருக்கிறார். ஊழியர் அட்டைக்கு எண் கொடுத்தபோது வாஸ்னியாக்குக்கு 1, ஜாப்ஸுக்கு 2 என்றார் ஸ்காட். ஜாப்ஸ் அடம்பிடித்தார், அழுதார். 1 கிடைக்காது என்று தெரிந்ததும் எனக்கு 0 கொடு என்றார். அட்டையில் 0 போட்டுக் கொடுத்தார்கள். சம்பளம் போட்ட பேங்க் ஆஃப் அமெரிக்காவின் கம்ப்யூட்டருக்கு மட்டும் 0 என்ற ஊழியரைப் புரியவில்லை. அங்கே அவர் 2 ஆகவே இருந்தார். அந்தக் கம்பெனியில் அவரை முதலில் எதிர்த்து நின்று ஜெயித்தது ஒரு வங்கியின் சம்பளப் பட்டியல் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிள் III-க்கு வருவோம். இந்தத் தடவை பெட்டியின் அளவும் வடிவமும் முதலில் முடிவாகிவிட்டன. அப்புறம்தான் பொறியாளர்களைக் கூப்பிட்டு, இதற்குள் எல்லாவற்றையும் அடையுங்கள் என்றார்கள். ஃபேன் கூடாது, காற்றுத் துளை கூடாது, அளவை மாற்றக் கேட்கவும் கூடாது. அடிப்பாகத்தை வார்ப்பு அலுமினியத்தில் செய்து, சூடு அதன் வழியாக இறங்கிவிடும் என்று நம்பினார்கள். பலகையில் கம்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓடின. கனெக்டர்கள் கழன்றன. உள்ளே வைத்த கடிகாரச் சில்லு கூட நேரம் காட்டாமல் நின்றுபோனது. பெட்டியை வடிவமைத்த ஜெர்ரி மேனாக், சூட்டைக் குறை சொல்லாதீர்கள், என் பெட்டி சூட்டை நன்றாகவே வெளியேற்றியது, கோளாறு பலகையில் என்று கடைசிவரை வாதாடினார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் பலகையை அப்படி நெருக்கியது யார்? சுமார் 14,000 இயந்திரங்களை ஆப்பிள் இலவசமாக மாற்றிக் கொடுத்தது. 1984-இல் ஆப்பிள் III கடையை விட்டே போனது. வாஸ்னியாக் பழியை மார்க்கெட்டிங் துறையின் மேல் போட்டார். ஜாப்ஸ் அதற்குள் வேறு பக்கம் திரும்பிவிட்டார். பெரிய தோல்வி ஏற்படும் நேரத்தில் அடுத்த அறையில் இருப்பது ஒரு திறமை.

அடுத்த அறையில் மெக்கின்டாஷ் இருந்தது. அது ஜெஃப் ராஸ்கின் என்பவருடைய குழந்தை. மலிவான, எளிமையான கம்ப்யூட்டர் செய்ய வேண்டும் என்று அவர் தொடங்கியது. லீசா என்ற பெரிய திட்டத்திலிருந்து கழற்றிவிடப்பட்ட ஜாப்ஸ் 1981-இல் இங்கே வந்து குடியேறினார். ராஸ்கின் வெளியேறினார். ஜாப்ஸ் எடுத்துக்கொண்ட பிறகு குழுவினருக்கு ஏற்பட்ட நிலைமைக்கு பட் டிரிபிள் என்ற மென்பொருள்காரர் ஒரு நோய்ப்பெயரே வைத்தார்: யதார்த்தத் திரிபு மண்டலம். ஜாப்ஸ் அறையில் இருக்கும்வரை நடக்காத காரியம் நடக்கும் என்று தோன்றும். அவர் போன பிறகு நாள்காட்டியைப் பார்த்தால் தலை சுற்றும்.

இந்த மண்டலத்துக்குள் ஃபேனுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லவும் வேண்டுமா? மெக்கின்டாஷின் பெட்டிக்குள் 9 அங்குலப் படக்குழாய், பவர் சப்ளை, தாய்ப்பலகை எல்லாம் அடைந்து கிடந்தன. மேலே நாலு கீறல் வழியாகச் சூடு தானாக எழுந்து போக வேண்டும். வாங்கியவர்கள் செல்லமாக 'பழுப்பு டோஸ்டர்' என்று பெயர் வைத்தார்கள். வெளிக் கம்பெனிகள் இதற்காகவே ஃபேன் செய்து விற்றுக் காசு பார்த்தன. ஒருவர் அட்டையில் புகைபோக்கி செய்து, கம்ப்யூட்டரின் தலையில் குல்லா மாதிரி கவிழ்க்கச் சொல்லி விற்றார். இருபதாம் நூற்றாண்டின் மிக நேர்த்தியான வடிவமைப்பு என்று அருங்காட்சியகங்கள் கொண்டாடிய பொருள் சில வீடுகளில் அட்டைக் குல்லாவோடு உட்கார்ந்திருந்தது.

பலகை விஷயம் இன்னும் ருசிகரம். 1981-இல் சர்க்யூட் பலகையின் வரைபடத்தைப் பார்த்த ஜாப்ஸ், நினைவகச் சில்லுகள் இருக்கும் பகுதி அசிங்கமாக இருக்கிறது, கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன என்றார். பெட்டிக்குள் இருப்பதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு பொறியாளர் கேட்டார். நான் பார்ப்பேன் என்றார் ஜாப்ஸ். நல்ல தச்சன் பீரோவின் முதுகுக்கு மட்டரகப் பலகை போடமாட்டான் என்று உபதேசமும் செய்தார். சரி என்று அவர் ரசனைப்படி இன்னொரு பலகை செய்தார்கள். சுமார் 5,000 டாலர் செலவு. பார்க்க லட்சணமாக இருந்தது. வேலைதான் ஒழுங்காகச் செய்யவில்லை. சத்தமில்லாமல் பழைய அசிங்கத்துக்கே திரும்பினார்கள். இதே மெக்கின்டாஷின் பெட்டியை வாங்கியவர் திறந்துவிடக் கூடாது என்பதற்காக விசேஷத் திருகாணி போட்டு மூடினார்கள் என்பது தனிக் கதை. உள்ளே குழுவினர் எல்லாருடைய கையெழுத்தும் அச்சில் பதிந்திருக்கும், ஜாப்ஸின் கையெழுத்து உள்பட. பார்க்கக் கூடாத இடத்தில் அழகும், படிக்க முடியாத இடத்தில் கையெழுத்தும்!

இப்படிப்பட்ட முதலாளியோடு பிழைப்பது எப்படி என்று அந்தக் குழு மெல்லக் கற்றுக்கொண்டது. கிறிஸ் எஸ்பினோசா பதினான்கு வயதிலேயே ஆப்பிளுக்கு வந்த பையன். மெக்கின்டாஷுக்குத் திரையில் ஒரு கால்குலேட்டர் வரைந்து காட்டினான். ஜாப்ஸ் பார்த்தார்: பின்னணி கறுப்பு சரியில்லை, கோடு தடிமன் சரியில்லை, பொத்தான்கள் பெரிசு. மறுநாள் மாற்றிக் கொண்டு வந்தான். வேறு குறை. அதற்கு மறுநாள் அதற்கும் வேறு குறை. பையன் சலித்துப்போய் ஒரு மென்பொருள் எழுதினான். கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு, பின்னணி எல்லாவற்றையும் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம். அதன் பெயர், மரியாதை குறையாமல், 'ஸ்டீவ் ஜாப்ஸ் தானே செய்துகொள்ளும் கால்குலேட்டர் தொகுப்பு'. ஜாப்ஸ் உட்கார்ந்து பத்து நிமிடம் இழுத்து நகர்த்தித் தனக்குப் பிடித்த வடிவத்தை வைத்துவிட்டு எழுந்து போனார். அந்தக் கால்குலேட்டர் அதே முகத்தோடு இரண்டாயிரமாவது ஆண்டுவரை மெக்கின்டாஷில் இருந்தது. அன்றைக்கு அந்த அலுவலகத்தில் முதல் காற்றுத் துளை போடப்பட்டது என்பேன்.

இரண்டாவது துளை இன்னும் பெரிது. மெக்கின்டாஷுக்கு ஃபிளாப்பி டிரைவ் தேவை. ஆப்பிள் சொந்தமாகச் செய்தது சொதப்பியது. சோனியின் 3.5 அங்குல டிரைவ் தயாராக இருந்தது. ஜாப்ஸோ, ஆல்ப்ஸ் என்ற கம்பெனியோடு சேர்ந்து நாமே செய்துகொள்ளலாம், சோனியோடு பேச்சை நிறுத்து என்று உத்தரவு போட்டார். குறித்த காலத்தில் ஆல்ப்ஸால் முடியாது என்று பொறியியல் தலைவர் பாப் பெல்வில்லுக்குத் தெரியும். அதனால் ரகசியமாக சோனியோடு பேச்சைத் தொடர்ந்தார். ஹிடெடோஷி கொமோட்டோ என்ற சோனிப் பொறியாளர் ஜப்பானிலிருந்து வந்து ஆப்பிள் அலுவலகத்திலேயே வேலை பார்த்தார். ஜாப்ஸ் அந்தப் பக்கம் வருவது தெரிந்தால் மனுஷனை ஒளித்துவைக்க வேண்டும். ஒருநாள் திடீரென்று ஜாப்ஸ் வந்துவிட்டார். துப்புரவுச் சாமான்கள் வைக்கும் இருட்டு அலமாரிக்குள் கொமோட்டோவைத் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ஜாப்ஸ் போன பிறகு வெளியே வந்தவரிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்டார்கள். பரவாயில்லை, ஆனால் அமெரிக்காவின் வியாபாரப் பழக்கங்கள் ரொம்ப விசித்திரம் என்றாராம் அவர். கடைசியில் ஆல்ப்ஸ் கைவிரித்தது. அலமாரிக்குள் வளர்ந்த சோனி டிரைவ்தான் மெக்கின்டாஷைக் காப்பாற்றியது. விஷயம் தெரிந்ததும் ஜாப்ஸ் சீறுவார் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்: என் பேச்சைக் கேட்காததற்கு நன்றி என்ற பாணியில் சிரித்து முடித்துவிட்டார்.

நினைவகத்திலும் இதே கதை. 128K போதும், விரிவாக்கவே வேண்டாம் என்பது முதலாளி வாக்கு. வன்பொருள் மேதை பர்ரல் ஸ்மித், பின்னால் பெரிய சில்லுகள் வந்தால் பொருத்திக்கொள்ளும்படி பலகையில் வழி விட்டுவைத்தார். 1984 ஜனவரி 24 அன்று ஃபிளின்ட் அரங்கில் ஜாப்ஸ் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்த மெக்கின்டாஷ் வாயைத் திறந்து பேசியபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பேசிய அந்த இயந்திரத்துக்குள் இருந்தது 512K. கடையில் 2,495 டாலருக்கு விற்ற 128K பெட்டிக்கு அவ்வளவு பேச முடியாது.

இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1981 முதல் அந்தக் குழு வருடாவருடம் ஒரு விருது கொடுத்தது: ஸ்டீவை நன்றாக எதிர்த்து நின்றவருக்கு. பாதி கேலி, பாதி நிஜம். முதல் இரண்டு வருடமும் வாங்கியவர் ஜோவானா ஹாஃப்மன் என்ற பெண்மணி. மார்க்கெட்டிங் கணக்குகளை ஜாப்ஸ் தன் இஷ்டத்துக்கு மாற்றியதைப் பார்த்து, அவர் அறைக்குக் கத்தியோடு போகிறேன் என்று ஆவேசமாகப் புறப்பட்டவர் அவர். ஜாப்ஸுக்கு இந்த விருது பற்றித் தெரியும், பிடிக்கவும் செய்தது. தான் எழுதிய சட்டத்தை மீறியவனுக்குப் பரிசு கொடுக்கும் ராஜாக்கள் சரித்திரத்தில் குறைவு. அப்படிக் கொடுத்ததால்தான் அவருடைய ராஜ்யம் அவரையும் மீறிப் பிழைத்தது.

சூடு குறையவில்லை. துவக்க நேரத்தைப் பத்து விநாடி குறைக்கச் சொல்லி லாரி கென்யன் என்பவரிடம் ஜாப்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஐம்பது லட்சம் பேர், நாளுக்குப் பத்து விநாடி, வருடம் முழுதும் கூட்டிப் பார்த்தால் ஒரு டஜன் ஆயுள், நீ பத்து விநாடி மிச்சப்படுத்தினால் பன்னிரண்டு உயிரைக் காப்பாற்றுகிறாய். பையன்கள் குறைத்தார்கள். இந்தக் கணக்கில் கென்யனின் சொந்த ஆயுளிலிருந்து போன ராத்திரிகளைக் கழிக்க மறந்துவிட்டார். 1983-இல் எல்லாருக்கும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் கிடைத்தது. வாரத்துக்கு 90 மணி நேரம், ஆனந்தமாக என்று அச்சிட்டிருந்தது. அதே வருடம் கடற்கொள்ளைக்காரக் கொடி ஒன்றைத் தைத்து அலுவலகத்தின் மேல் பறக்கவிட்டார்கள். குழுவைச் சேர்ந்த ஸ்டீவ் கேப்ஸ் துணி தைக்க, சூசன் கேர் மண்டையோட்டுக்கு ஆப்பிள் சின்னத்தைக் கண்மறைப்பாக வரைந்தார். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிக்குள், தலைவரின் ஆசீர்வாதத்தோடு நடந்த கலகம்! 1985-இல் பர்ரல் ஸ்மித் வேலையை விட்டபோது, அந்த ஸ்வெட்டரில் 9-ஐ அடித்துவிட்டு மாட்டிக்கொண்டார். மீதி இருந்தது 0 மணி நேரம்.

அதே வருடம் ஜாப்ஸும் போனார். பெப்சியிலிருந்து தானே ஆசைகாட்டிக் கூட்டி வந்த ஜான் ஸ்கல்லியிடம் தோற்று, செப்டம்பரில் ராஜினாமா. அரண்மனைச் சதி பற்றிய விவரங்கள் பத்துப் புத்தகங்களில் இருக்கின்றன, எனக்கு அதில் அக்கறை இல்லை. எனக்கு முக்கியமான தேதி 1987 மார்ச். அன்றைக்கு மெக்கின்டாஷ் SE வெளிவந்தது. பார்க்க அதே பழைய முகம். உள்ளே ஃபேன். ராஜா நாடு கடந்த ஒன்றரை வருடத்தில் எதிரி கோட்டைக்குள் நுழைந்து சுற்ற ஆரம்பித்துவிட்டான். அந்த ஃபேன் பெருஞ்சத்தம் போடுகிறது என்று வாங்கியவர்கள் குறை சொன்னார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கிருந்தோ ஜாப்ஸ் சிரித்திருப்பார்.

எங்கிருந்தோ என்ன, நெக்ஸ்ட் என்ற புதுக் கம்பெனியில் இருந்தார். அங்கே அவரைத் தடுக்க ஆளே இல்லை. பால் ராண்ட் என்ற வடிவமைப்பாளரிடம் 100,000 டாலர் கொடுத்து 28 டிகிரி சாய்ந்த சின்னம் ஒன்றை வாங்கினார். இயந்திரம் என்ற வஸ்து இன்னும் பிறக்கவே இல்லை. பிறந்தபோது அது ஒரு அடிக்கு ஒரு அடி மெக்னீசியக் கனசதுரம். மூலைகள் கச்சிதமாக 90 டிகிரி. சாதாரணமாக வார்ப்புப் பெட்டிகளின் பக்கங்கள் இம்மியளவு சாய்வாக இருக்கும், அச்சிலிருந்து சுலபமாகக் கழல வேண்டும் என்பதற்காக. அந்த இம்மிச் சாய்வு கூடாது என்று சொன்னதற்கு விலை 650,000 டாலர் மதிப்புள்ள தனி அச்சுகள். மாணவர்களுக்கான கம்ப்யூட்டர் என்று சொல்லி 1988-இல் 6,500 டாலருக்கு விற்க வந்தார். எந்த ஊர் மாணவர் என்று தெரியவில்லை. நெக்ஸ்டில் அவரை எதிர்த்தால் விருது கிடைத்ததாகப் படித்ததில்லை. விற்பனையும் படுத்துவிட்டது. டிம் பெர்னர்ஸ் லீ என்ற புண்ணியவான் ஜெனீவாவில் அதில் உட்கார்ந்து வைய விரிவு வலையை உருவாக்கினார், அது வேறு கணக்கு.

1996 டிசம்பரில் ஆப்பிள் நொடித்துப்போய், நாற்பது கோடி டாலருக்கும் மேல் கொடுத்து நெக்ஸ்டை வாங்கியது. அதோடு இலவச இணைப்பாக ஜாப்ஸும் வந்தார். 1998-இல் ஐமேக். கண்ணாடி போன்ற நீலப் பிளாஸ்டிக், தலையில் கைப்பிடி. அதை வடிவமைத்தவர் ஜானி ஐவ்; ஜாப்ஸ் வருவதற்கு முன்பே அங்கே வேலை பார்த்து, விட்டுப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர். வெளியீட்டுக்கு முன் ஜாப்ஸ் ஐமேக்கைப் பார்த்தார். குறுந்தகடு உள்ளே போகப் பிளவு இருக்கும் என்று நினைத்தவர் கண்ணில் வெளியே நீளும் தட்டு பட்டது. வன்பொருள் தலைவர் ஜான் ரூபின்ஸ்டைனிடம் கொதித்தார், வெளியீட்டையே நிறுத்திவிடுவதாகப் பயமுறுத்தினார். அடுத்த முறை தட்டை எடுத்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஆறவைத்தார்கள். அடுத்த முறை, 1999 அக்டோபரில், தட்டு போனது. கூடவே ஃபேனும் போனது!

வெற்றி மயக்கத்தில் 2000 ஜூலையில் ஜி4 கியூப். எட்டு அங்குலக் கனசதுரம், ஒளி ஊடுருவும் அக்ரிலிக்கில் மிதந்தது, ஃபேன் கிடையாது. சூடு நடுவில் இருக்கும் குழல் வழியாக மேலே எழும். மேலே ஒரு தாளை மறந்து வைத்தால் கம்ப்யூட்டரின் மூக்கைப் பொத்தியதாக அர்த்தம். பொத்தான்கூட அழுத்த வேண்டியதில்லை, தொட்டால் போதும். அதனால் கை பட்டபோதெல்லாம் அணைந்தது. அக்ரிலிக்கில் தெரிந்த வார்ப்புக் கோடுகளை வாங்கியவர்கள் விரிசல் என்று திட்டினார்கள். விலை 1,799 டாலர். இதைவிட நல்ல டவர் கம்ப்யூட்டர் இதைவிட மலிவாக ஆப்பிளிடமே கிடைத்தது. ஒரே வருடத்தில், 2001 ஜூலையில், கியூபை நிறுத்தினார்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டது. அங்கே அதற்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, யாரும் ஆன் செய்வதில்லை.

பிறகு எதிரி பழிவாங்கினான். 2002-இல் வந்த பவர் மேக் ஜி4 ஒன்று போட்ட இரைச்சலில் வாங்கியவர்கள் அதற்குக் 'காற்றுச் சுரங்கம்' என்று பெயரிட்டார்கள். அமைதியான ஃபேனையும் பவர் சப்ளையையும் 19.95 டாலருக்கு மாற்றித் தர ஆப்பிள் இறங்கி வந்தது. 2003 ஜூனில் பவர் மேக் ஜி5. முகம் முழுக்கச் சல்லடைக் கண் போட்ட அலுமினியப் பெட்டி. ஜாப்ஸ் மேடையேறி, இதற்குள் ஒன்பது ஃபேன் இருக்கிறது என்று பெருமையாக அறிவித்தார். ஒன்றல்ல, ஒன்பது! எல்லாம் தனித்தனியே மெல்லச் சுற்றுவதால் சத்தமே வராது என்று விளக்கம் வேறு. கூட்டம் கைதட்டியது. இருபத்தாறு வருடம் ஃபேனே கூடாது என்றவர் ஒன்பது ஃபேனோடு நிற்கிறாரே என்று யாரும் எழுந்து கேட்கவில்லை. யதார்த்தத் திரிபு மண்டலத்தின் விசேஷமே அதுதான். அடுத்த வருட மாடலில் ஃபேன் போதாமல் தண்ணீர்க் குழாயே வைத்தார்கள், சிலருக்கு அது ஒழுகவும் செய்தது.

பழைய அலமாரி வித்தை மட்டும் நிற்கவில்லை. ஐபாடை விண்டோஸ் கம்ப்யூட்டரோடு சேர விடமாட்டேன் என்று ஜாப்ஸ் மல்லுக்கட்டினார். கூட இருந்தவர்கள் மாதக்கணக்காக நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தார்கள். 2007-இல் ஐபோன் வந்தபோது வெளியாட்கள் அதற்கு மென்பொருள் எழுதக் கூடாது என்றார். 2008 ஜூலையில் ஆப் ஸ்டோர் திறந்தது. இன்றைக்கு ஆப்பிளுக்குப் பணம் கொட்டும் வாசல்களில் ஒன்று, அதன் தொலைநோக்குத் தலைவர் மூடி வைத்திருந்த கதவு. திறந்தது அவருடைய ஆட்கள். திறந்த பிறகு, ஆரம்பத்திலிருந்தே அதுதான் திட்டம் என்ற முகத்தோடு அவர் மேடையில் நின்றது வேறு கலை.

ஐபோனிலும் 2010-இல் வந்த ஐபேடிலும் ஃபேன் இல்லை. ஒருவழியாக, சூடே அதிகம் எழாத பொருளைச் செய்துதான் அவர் யுத்தத்தை முடித்தார். 2011 அக்டோபர் 5 அன்று காலமானார். ஆனால் பழக்கம் கம்பெனிக்குள் ஊறிவிட்டது. 2013-இல் அவருடைய வாரிசுகள் கறுப்பு உருளை வடிவத்தில் மேக் ப்ரோ செய்தார்கள். பார்க்க அவ்வளவு அழகு, ஒரே ஒரு ஃபேன். அதற்குள் பெரிய கிராஃபிக்ஸ் சில்லு ஒன்றை வைத்து மேம்படுத்த வழியில்லாமல் போய், சூட்டு விஷயத்தில் நாங்களே எங்களை மூலைக்குள் தள்ளிக்கொண்டோம் என்று 2017-இல் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு வைத்து ஒப்புக்கொண்டார்கள். அவர் உயிரோடு இருந்திருந்தால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். ஒன்பது உருளை வைத்துக் கைதட்டல் வாங்கியிருப்பார்.

2020 நவம்பரில் எம்1 சில்லோடு மேக்புக் ஏர் வந்தது. ஃபேன் அறவே இல்லை, சத்தம் அறவே இல்லை, வேகத்துக்கும் குறைவில்லை. ஜாப்ஸ் 1977-இல் கேட்டதை நாற்பத்து மூன்று வருடம் கழித்து இயற்பியல் சம்மதித்துக் கொடுத்தது. அதிலும் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ரொம்ப நேரம் கடுமையாக வேலை வாங்கி, சூடு எல்லை மீறினால், யாரையும் கேட்காமல் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 1983-இல் அந்தச் சாம்பல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர்களுக்கு இப்படியொரு வசதி செய்து தரப்படவில்லை.